மயங்கியும் இசையாத வாசகர்

நெய்வேலியில் 1998இல் தொடங்கிய புத்தகக் கண்காட்சி இந்த வட்டாரத்தில் ஒரு தலைமுறையையே வாசகர்களாக வளர்த்திருக்கிறது. அந்தத் தலைமுறை விரும்பிப் படிப்பவற்றுள் மாயக்கதை ஒன்று. நடைமுறை உலகில் நடக்க இயலாதவற்றை நடந்தனவாக வைத்து, அதற்கென்று ஓர் உலகத்தையே கட்டி எழுப்பும் நெடுங்கதையை அப்படி அழைக்கிறேன். பறக்கும் பொறியும், உருமாற்றும் மந்திரமும், எந்த வரைபடத்திலும் இல்லாத நகரமும் அதில் வரும். இப்படிப்பட்ட நூலைப் படித்து முடித்தவரிடம் நாம் இரண்டு கேள்விகள் கேட்கிறோம்: பிடித்திருந்ததா? அது சொல்வதை ஏற்கிறீர்களா? முதலாவதற்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு முழுதும் இல்லை என்றும் சொல்பவரை நாம் நம்புவதில்லை. நூலின் அன்பர்கள் அவரை அரைகுறையாகப் படித்தவர் என்கிறார்கள். நூலின் எதிரிகள் அவரை இனிப்பில் ஏமாந்தவர் என்கிறார்கள். நயப்பதும் இசைவதும் வெவ்வேறு செயல்கள் என்பதும், முன்னதை முழுமையாகத் தந்து பின்னதை நிறுத்தி வைக்கும் வாசகர்தான் மாயக்கதைகளுக்கு நீண்ட ஆயுளைத் தந்திருக்கிறார் என்பதும் என் வாதம். இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பழைய தென் ஆற்காடு மாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே முக்கியமான சான்றுகள் இருக்கின்றன.

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான சீவக சிந்தாமணி, இன்றைய பொருளிலும் ஒரு முழுமையான மாயக்கதை. திருத்தக்கதேவர் இயற்றிய இந்தச் சமணக் காப்பியம் பதின்மூன்று இலம்பகங்களும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களும் கொண்டது. ஏமாங்கத நாட்டின் மன்னன் சச்சந்தன், அரசி விசயையின் மீது கொண்ட காதலில் ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைக்கிறான். அமைச்சன் துரோகம் செய்கிறான். கருவுற்ற அரசி மயில் வடிவான பறக்கும் பொறியில் தப்பி, சுடுகாட்டில் இறங்கி, அங்கே சீவகனைப் பெறுகிறாள். வணிகன் கந்துக்கடன் வீட்டில் வளரும் அந்தப் பிள்ளை யாழ்ப் போட்டியில் வித்தியாதர மங்கை காந்தருவதத்தையை வெல்கிறான். மதயானையை அடக்குகிறான். பாம்பு தீண்டிய பதுமையைக் காக்கிறான். அடிபட்டுச் சாகும் நாயின் செவியில் சமண மந்திரம் ஓதுகிறான். அந்த நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து திரும்பி வந்து, குரலினிமைக்கும் நஞ்சு நீக்கத்துக்கும் உருமாற்றத்துக்குமான மந்திரங்களைச் சீவகனுக்கு அளிக்கிறது. பல திருமணங்களுக்கும் ஒரு பழிவாங்கும் போருக்கும் பின்னர் சீவகன் அரசனாகிறான். நாடிழந்த இளவரசன், மறைந்து வளர்தல், மந்திரத் துணை, பயணம், மீட்பு என்று உலகம் முழுவதும் இன்றைக்கு எழுதப்படும் மாயக்கதைகளின் எலும்புக்கூடு எல்லாமே இதில் இருக்கிறது.

இந்தக் கதை நம்மைப் பிடித்து இழுப்பது எதனால் என்று பார்த்தால், அற்புதங்களின் எண்ணிக்கையால் இல்லை, அவற்றின் வேலைத்திறத்தால் என்பது விளங்கும். மயிற்பொறி வானத்திலிருந்து வரமாக வந்து இறங்குவதில்லை. விசயை ஒரு கனவு காண்கிறாள். அசோக மரம் ஒன்று விழுகிறது. அதன் அடியில் முடியணிந்த முளை ஒன்று எட்டு மாலைகளோடு எழுகிறது. கனவில் தன் சாவு இருப்பதைப் புரிந்துகொண்ட மன்னன், தொழில் அறிந்தவனைக் கொண்டு பொறியைச் செய்விக்கிறான். ஒரு பக்கம் திருகினால் ஏறும், மறுபக்கம் திருகினால் இறங்கும் என்று அதை ஓட்ட அரசிக்குப் பயிற்சியும் தருகிறான். காரணம், செய்முறை, பயிற்சி, பயன்பாடு எல்லாம் வரிசையாக வருகின்றன. சுரங்க இயந்திரங்களோடு வாழும் நெய்வேலி வாசகர்களுக்கு, அந்த வரிசையிலுள்ள அக்கறை எளிதில் புரியும். அது பறக்குமா என்று நாம் கேட்பதில்லை. விசயை அதைச் சரியாகத் திருகுவாளா என்று பதறுகிறோம். மாயக்கதை வெற்றி பெறும் இடம் இது. ஆனால் நூல் நம்மிடம் இன்னொன்றையும் கேட்கிறது. அரசாளும் சீவகன் சோலையில் ஒரு காட்சியைக் காண்கிறான். ஆண் குரங்கு தன் துணைக்குக் கொடுத்த பலாப்பழத்தைத் தோட்டக்காரன் பறித்துக்கொள்கிறான். கட்டியங்காரனிடமிருந்து தான் நாட்டைப் பறித்ததும் இப்படித்தானே என்று சீவகனுக்குத் தோன்றுகிறது. முடியையும் மனைவியரையும் துறக்கிறான். காப்பியம் முத்தி இலம்பகத்தில் முடிகிறது. இதுவரை சொன்ன இன்பம் எல்லாம் விடத் தக்கது என்று நாமும் ஒப்ப வேண்டும் என்பதே நூலின் இறுதிக் கோரிக்கை. மயிற்பொறிக்காகப் பதறிய அதே வாசகர் இந்தக் கோரிக்கைக்கு முன்னால் நின்றுவிடலாம். நூற்றாண்டு நூற்றாண்டாகத் தமிழ் வாசகர் பலர் அப்படித்தான் நின்றிருக்கிறார்கள்.

அப்படி நின்ற வரலாற்றின் முதல் பெரிய அத்தியாயம் சிதம்பரத்தோடு தொடர்புடையது. சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணம் ஒரு செய்தி சொல்கிறது. அநபாய சோழன் சிந்தாமணியில் திளைத்திருந்தான். அவன் அமைச்சராகிய சேக்கிழார் அது பயன் தராத சமண நூல் என்று இடித்துரைத்தார். அதன் விளைவாகப் பெரியபுராணம் பிறந்தது. இது நடந்த வரலாறுதானா என்ற ஆராய்ச்சி இருக்கட்டும். இந்தச் செய்தியைச் சொன்னவர்களும் கேட்டவர்களும் எதைச் சாத்தியம் என்று எண்ணினார்கள் என்பதே நமக்கு வேண்டியது. சைவனான ஒரு சோழ மன்னன் தன் சமயத்தை விடாமலேயே சமணக் காப்பியத்தில் ஊறிக் கிடக்கலாம் என்று அவர்கள் எண்ணினார்கள். சேக்கிழாருக்கு அதுவே கவலை தந்தது. அவர் சினம் அற்புதங்களின் மேல் இல்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். மயிலையில் சாம்பலும் எலும்புமாய்க் குடத்தில் இருந்த பூம்பாவையை ஞானசம்பந்தர் உயிர்ப்பித்ததைப் பாடியவர் அவர். அற்புதம் எதற்குத் தொண்டு செய்கிறது என்பதே அவர் கேள்வி. இன்பம் வழியாக இசைவு உள்ளே நுழைந்துவிடும் என்பது அவர் அச்சம். அந்த அச்சத்துக்கு அவர் கண்ட மருந்தும் எண்ணிப் பார்க்கத் தக்கது. சிந்தாமணியைத் தடை செய்யுங்கள் என்று கேட்டதாகக் கதை சொல்லவில்லை. இன்னொரு காப்பியம் எழுதினார் என்றே சொல்கிறது. ஒரு கதையின் பிடியைத் தளர்த்த இன்னொரு கதை வேண்டும் என்று உணர்ந்தவர், முதல் கதையின் ஆற்றலை மெய்யாகவே மதித்தவர்.

சேக்கிழாரின் அச்சம் பலித்ததா? சிந்தாமணியின் பிற்கால வரலாறு பலிக்கவில்லை என்றே காட்டுகிறது. நமக்குக் கிடைத்திருக்கும் அதன் பேருரையை எழுதிய நச்சினார்க்கினியர் மதுரையைச் சேர்ந்த அந்தணர், சைவர். அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர்கள் ஒப்பவில்லை. ஆகவே அவர் சித்தாமூருக்குச் சென்று சமண நூல்களைக் கற்று மீண்டும் எழுதினார் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. செஞ்சிப் பக்கத்துச் சித்தாமூரும் நம் பழைய மாவட்டத்து ஊர்தான். சமண மடம் இன்றும் அங்கே இருக்கிறது. அடுத்தவர் உ.வே. சாமிநாதையர். திருவாவடுதுறை மரபில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட சைவர். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டதும், தம் கல்வியில் ஒரு பெரும் பரப்பு விடுபட்டிருப்பதை அவர் உணர்ந்தார். ஏட்டுச் சுவடிகளைத் தேடினார். பொருள் விளங்காத இடங்களுக்கு விளக்கம் கேட்டு அவ்வூரில் வாழ்ந்த சமணர் வீடுகளுக்குச் சென்றார். சந்திரநாத செட்டியார் போன்றவர்களிடம் மாணவராக அமர்ந்தார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. தம் நூலை இவ்வளவு ஆர்வத்தோடு கற்கும் இவர் வீடுபேற்றுக்குத் தகுதியுள்ள பவ்ய ஜீவன்போல் இருக்கிறார் என்று சமணக் குடும்பத்தார் வியந்ததை அவரே தம் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். அவர்கள் அன்பால் அப்படி நினைத்தார்கள். அவரோ கடைசிவரை சைவராகவே வாழ்ந்தார். சிந்தாமணியின் மேல் அவர் வைத்த அன்பு அதனால் ஒரு துளியும் குறையவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் உண்மை இது. இசைவில்லாத அன்புக்கு இசைவுள்ள அன்பைவிடக் கூடுதலான உழைப்பு வேண்டியிருக்கிறது. சமண இல்லத்தில் பிறந்தவருக்கு வினை என்றால் என்ன, வீடு என்றால் என்ன, இறக்கும் நாய்க்கு மந்திரம் ஓதினால் ஏன் தேவப்பிறவி கிடைக்கும் என்பதெல்லாம் வீட்டுப் பேச்சு. அதற்கு அவருக்கு உரை தேவையில்லை. வெளியிலிருந்து வருபவருக்குத்தான் ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கேட்டவர், தமக்குப் பின்னால் வருபவருக்காக எழுதியும் வைக்கிறார். சிந்தாமணியைத் தலைமுறை தலைமுறையாக ஓதியும் ஏடுகளைப் பேணியும் காத்தவர்கள் சமணர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அவர்கள் காத்திராவிட்டால் உ.வே.சா. கையில் ஏடே கிடைத்திருக்காது. ஆனால் அது சமணர் நூலாக மட்டும் நின்றுவிடாமல் தமிழர் எல்லோருக்கும் உரிய காப்பியமாக ஆனது, அதன் முடிவுக்கு ஒப்பாமல் அதன் அழகுக்குத் தலைவணங்கிய வாசகர்களால்தான். கம்பர் சிந்தாமணியிலிருந்து ஓர் அகப்பை முகந்துகொண்டதாக வழங்கும் பழஞ்செய்தியும் இதைத்தான் சொல்கிறது. இராமகாதை பாடிய ஒருவர் சீவகன் கதையிடம் கடன்படுவதில் தமிழ் மரபு ஓர் இழுக்கும் காணவில்லை.

இந்த வாதத்துக்கு எழக்கூடிய முதல் மறுப்பு மாயக்கதையின் மிகச் சிறந்த படைப்பாளி ஒருவரிடமிருந்தே வருகிறது. ஜே.ஆர்.ஆர். டோல்கீன் 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த ஆண்ட்ரூ லாங்கின் நினைவாக நடத்தப்பட்ட சொற்பொழிவு அது. கவிதை வாசகர் தம் அவநம்பிக்கையை விரும்பியே ஒத்தி வைக்கிறார் என்று ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1817இல் எழுதியது டோல்கீனுக்குப் போதவில்லை. நல்ல கதாசிரியர் இரண்டாவது உலகம் ஒன்றைப் படைக்கிறார். வாசகர் அதற்குள் நுழைந்து, உள்ளே இருக்கும்வரை அதை நம்புகிறார். அவநம்பிக்கை எழுந்த கணமே மாயம் உடைந்துபோகிறது, கலை தோற்றுப்போகிறது என்றார் அவர். அப்படியானால் முழுதும் ஆட்படாத வாசகர் தோற்றுப்போன ஒரு நூலைக் கையில் வைத்துக்கொண்டு மகிழ்வதாகப் பாவனை செய்பவர் ஆகிறார். படைப்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் டோல்கீன் சொல்வது சரி. அரைமனத்தோடு கட்டிய உலகம் நிற்காது. ஆனால் கேட்பவர், பார்ப்பவர் பக்கத்தில் அனுபவம் வேறாக இருக்கிறது. அதற்கு நம் வட்டாரத்துத் தெருக்கூத்தே சான்று. திரௌபதி அம்மன் கோயில் விழாவில் இரவு முழுவதும் பாரதக் கூத்து நடக்கிறது. துரியோதனன் வேடம் கட்டியவர் யார், அவர் எந்த ஊர் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன், வேடத்துக்கும் அவைக்கும் நடுவில் நின்று, அரசனைக் கேலி செய்கிறான், ஊர்ச் செய்தி பேசுகிறான், கதைக்குள்ளும் வெளியிலும் மாறி மாறிக் கால் வைக்கிறான். டோல்கீன் கணக்குப்படி அங்கே மாயம் நூறு முறை உடைந்திருக்க வேண்டும். உடைவதில்லை. துகிலுரிதல் வரும்போது அதே அவை கண்ணீர் விடுகிறது. படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் முன் ஊரே திரண்டு நிற்கிறது. மாயத்தில் மூழ்குவதும் அதை அளந்து பார்ப்பதும் ஒரே மனத்தில் ஒரே இரவில் நடக்கக்கூடியவை என்பது இந்த மண்ணில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவருக்கும் தெரிந்த கலை.

இரண்டாவது மறுப்பு சேக்கிழாருடையது. அது கடினமானது. கதையை ரசித்துக்கொண்டு கருத்தை மறுக்கிறேன் என்கிறீர்கள். ஆனால் கதை, கருத்து என்று இரண்டாகப் பிரித்தெடுக்க முடியுமா? ரசித்த அளவுக்கு அந்தக் கருத்து உங்களுக்குள் குடியேறிவிட்டது என்பதே உண்மை. இதே வாதத்தை இருபதாம் நூற்றாண்டில் அறிஞர் அண்ணா கூர்மையாக எடுத்துவைத்தார். 1943இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்ற நிலையிலிருந்து சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையுடனும் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாருடனும் வாதிட்டார். அந்த வாதங்கள் தீ பரவட்டும் என்ற பெயரில் நூலாயின. கம்பனின் கவித்திறமே ஆபத்து, இழிவுபடுத்தும் ஒரு கதையை அது இனிமையாக்கிவிட்டது என்பது அவர் வாதத்தின் உயிர். சிந்தாமணிக்கு எதிராகச் சேக்கிழார் எடுத்ததாகச் சொல்லப்படும் படைக்கலம் எட்டு நூற்றாண்டுக்குப் பின் சேக்கிழாரின் நூல்மீதே திரும்பி வந்தது. இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது என்று நான் ஒப்புக்கொள்கிறேன். இன்பம் கருத்தைச் சுமந்து வரும். யார் உயர்ந்தவர், யார் தாழ்ந்தவர், யார் அரக்கர் என்ற படிமங்கள் நாம் அறியாமலே உள்ளே படியும். ஆனால் அது படிவது கவனிக்காத வாசகரிடம். ரசித்ததை ரசித்தேன் என்று ஒப்புக்கொண்டு, எந்த இடத்தில் கதை என்னை எங்கே தள்ளுகிறது என்று கேட்கப் பழகியவரிடம் அது அவ்வளவு எளிதில் படியாது. ரசிக்கவே மறுப்பவருக்கு அந்தக் கேள்வி எழ வாய்ப்பே இல்லை. தம்மை எது ஈர்க்கக்கூடும் என்பதை அவர் சோதித்ததே இல்லை. 1968 ஜனவரியில் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினா கடற்கரையில் எழுந்த சிலைகளுள் கம்பருக்கும் ஒன்று இருந்தது. அப்போது முதலமைச்சர் அண்ணா. இராமகாதை பற்றிய தம் கருத்தை அவர் கைவிட்டார் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. கருத்தை வைத்துக்கொண்டே கவிஞரைத் தமிழின் பெருமைகளுள் ஒருவராக நிறுத்த முடியும் என்பதை ஓர் அரசே செய்து காட்டியது என்றுதான் நான் கொள்கிறேன்.

மூன்றாவது மறுப்பு ஒழுக்கம் சார்ந்தது. பிடித்திருக்கிறது, ஆனால் முழுதும் உடன்பாடில்லை என்பது எந்தப் பக்கமும் சாயாமல் தப்பித்துக்கொள்ளும் வழி என்பார்கள். சோம்பலான வாசகர் அதை அப்படிப் பயன்படுத்துவது உண்டு. ஆகவே ஒரு நிபந்தனை வைக்க வேண்டும். எது என்னை வென்றது, எந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன், ஏன் என்ற மூன்றையும் நூலைக் காட்டிச் சொல்லத் தெரிய வேண்டும். சொல்லத் தெரிந்துவிட்டால் அதைவிடத் தெளிவான நிலைப்பாடு கிடையாது. இதற்குப் புனைகதைக்குள்ளேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. கடலூரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தன் எழுதிய கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் என்ற கதையில், சென்னைத் தெரு மூலையில் கடவுள் கந்தசாமிப் பிள்ளையைச் சந்திக்கிறார். வந்திருப்பவர் கடவுள் என்பதைப் பிள்ளை ஏற்றுக்கொள்கிறார். காபி குடிக்க உடன் போகிறார், வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார், குழந்தையோடு விளையாடவிடுகிறார். ஆனால் வரம் கேட்டுக் காலில் விழவில்லை. தாம் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்கு அவரை ஆயுள் சந்தாதாரராகச் சேர்க்கிறார். அற்புதத்தை வரவேற்கவும் அதற்கு முன் தன் முதுகெலும்பை நிமிர்த்தி வைத்துக்கொள்ளவும் ஒரே மனிதரால் முடிகிறது. மாயக்கதையின் வாசகருக்கு இதைவிட நல்ல நடத்தை இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

இனி இந்த அளவுகோலை நம் காலத்து நூல் ஒன்றில் வைத்துப் பார்ப்பது கடமை. பழைய நூல்களைப் பற்றிப் பெருந்தன்மையாக இருப்பது எளிது. அவற்றின் கோரிக்கைகள் நம்மை இப்போது வருத்துவதில்லை. 1997இல் வெளிவந்த ஜெயமோகனின் விஷ்ணுபுரம், தமிழில் ஓர் உலகத்தை முழுமையாகப் புனைந்து நிறுத்திய நாவல்களுள் முதன்மையானது. சோனா நதிக்கரையில் ஒரு நகரம். அதன் நடுவே மலைபோன்ற கோயில். உள்ளே பள்ளிகொண்டிருக்கும் கரிய திருமேனி அவ்வளவு பெரியது. மூன்று வாசல்களில் மூன்று பகுதிகளாகத்தான் அதைக் காண முடியும். ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்ற நாவலின் மூன்று பாகங்களும் அந்தத் திருமேனியின் பகுதிகளைக் குறிக்கும் பெயர்களையே ஏற்றிருக்கின்றன. யாராலும் ஒரே பார்வையில் முழுதும் காண முடியாத தெய்வம் என்ற கற்பனை, நூலின் அமைப்பாகவும் அதன் தத்துவமாகவும் ஒருசேர நிற்கிறது. அந்தச் சிலை யாருடையது என்பதே உள்ளே தீராத வழக்கு. திருமால் என்கிறது கோயில், தங்கள் மூதாதை என்கிறார்கள் மலைக்குடியினர். நடுப்பாகத்தில் ஞானசபையில் பௌத்தனான அஜிதன் வந்து வாதிடும் பகுதி, இந்தியத் தத்துவ மரபுகளை வெறும் பெயர்ப் பட்டியலாக இல்லாமல் உயிருள்ள மனிதர்களின் தவிப்பாக மாற்றுகிறது. இறுதியில் வெள்ளம் வருகிறது. இவ்வளவு பெரிய கட்டுமானத்தைக் கட்டியதில் உள்ள துணிவுக்கும், கட்டியதை அழிக்கும் பக்கங்களில் உள்ள வேகத்துக்கும் நான் முழுமையாக ஆட்படுகிறேன். வாதம் செய்வதே ஒரு சாகசமாக ஆக முடியும் என்று தமிழ் நாவலில் இவ்வளவு விரிவாகக் காட்டியது இந்நூல்.

ஆட்படாத இடம் இரண்டு. முதலாவது, காலத்தைப் பற்றிய அதன் தீர்ப்பு. ஞானசபையில் ஒரு தரப்பு வெல்கிறது, வென்றது இறுகிப் புதிய அதிகாரமாகிறது, அதுவும் சரிகிறது, கடைசியில் வெள்ளம் எல்லாவற்றையும் சமமாக்குகிறது. மனித முயற்சி ஒவ்வொன்றும் எழுந்து விழும் அலை மட்டுமே என்று இந்தச் சுழற்சி நம்மை ஒப்பச் சொல்கிறது. அந்தத் தீர்ப்பின் கம்பீரத்தை உணர்கிறேன். அதற்கு ஒப்ப என்னால் இயலவில்லை. பக்கத்து வடலூரில் 1867இல் வள்ளலார், பசித்தவர்களுக்குச் சோறிடும் தருமச்சாலையில் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. மணிமேகலைக் காப்பியத்தில் கோமுகிப் பொய்கையிலிருந்து கிடைத்த அமுதசுரபி செய்த வேலையை, எந்த அற்புதப் பாத்திரமும் இல்லாமல், அரிசியாலும் விறகாலும் மனிதக் கைகளாலும் அந்தச் சாலை செய்துவருகிறது. ஒருவருடைய பசி ஒரு நாள் தீர்ந்தது என்பது எந்தச் சுழற்சியாலும் பொய்யாக்க முடியாத நிகழ்ச்சி. அது அலையாக விழுந்து மறைவதில்லை, உண்டவரின் உயிராகத் தொடர்கிறது. இரண்டாவது, யாருடைய சிந்தனை நாவலில் சிந்தனையாக மதிக்கப்படுகிறது என்பது. நகரத்தின் கீழ்த்தட்டு மனிதர்களையும் நாவல் காட்டுகிறது. அவர்களின் துயரத்தைக் கூர்மையாகவே காட்டுகிறது. ஆனால் உலகம் எத்தகையது என்று விரிவாக எண்ணிப் பேசும் இடம் பெரும்பாலும் சபையேறியவர்களுக்கே கிடைக்கிறது. கல் சுமந்தவர் உடலால் துன்புறுகிறார், நூல் சுமந்தவர் அறிவால் துன்புறுகிறார் என்ற பங்கீடு என்னை நிறுத்துகிறது. நெய்வேலிச் சுரங்கத்துக்காக ஊர்களும் வயல்களும் இடம்பெயர்ந்த இந்தப் பகுதியில், நிலம் தந்தவர்களும் மண் தோண்டியவர்களும் தம் வாழ்வைப் பற்றித் தாமே ஆழ்ந்து எண்ணியவர்கள் என்பதை அறிந்த வாசகருக்கு இந்தக் கேள்வி இயல்பாகவே எழும்.

இந்த மறுப்புகளால் நாவல் எனக்குச் சிறியதாகிவிட்டதா? இல்லை. காலத்தின் சுழற்சியை அது அவ்வளவு வலுவாகச் சொல்லியிருப்பதால்தான், அதற்கு எதிராக வடலூர் அடுப்பை நான் நினைத்துப் பார்க்க நேர்ந்தது. பலவீனமான நூல் நம்மை இந்த அளவுக்கு யோசிக்க வைப்பதில்லை. அது நம்மை வெல்வதும் இல்லை, நம்மிடமிருந்து மறுமொழி வாங்குவதும் இல்லை. மேலும், எந்தத் தரப்பும் இறுதியாக வெல்லாத சபையைக் கட்டிய நாவல், தன் வாசகர் மட்டும் எழுந்து மறுத்துப் பேசக் கூடாது என்று எதிர்பார்க்க முடியாது. அது வெளிவந்த நாளில் பழைமைவாதத்துக்குத் துணைபோகிறது என்று ஒதுக்கியவர்களும் இருந்தார்கள், தமிழ் நாவலின் சிகரம் என்று கொண்டாடியவர்களும் இருந்தார்கள். இரு சாராரும் ஒரே அடிப்படையில் நின்றார்கள்: ஒரு நூலை ஒன்று முழுதும் ஏற்க வேண்டும், இல்லையேல் முழுதும் தள்ள வேண்டும் என்ற அடிப்படை அது. உ.வே.சா. அந்த அடிப்படையில் நின்றிருந்தால் சிந்தாமணி 1887இல் அச்சேறியிருக்காது.

ஆகவே ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் வாசகர் வட்டம் நடத்துவோருக்கும் என் வேண்டுகோள் இது. மாயக்கதை படிக்கும் பிள்ளையிடம் இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டு அதன் மகிழ்ச்சியைக் குலைக்க வேண்டாம். நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டு அதன் அறிவைப் பட்டினி போடவும் வேண்டாம். எந்த இடத்தில் உன்னை மறந்தாய், எந்த இடத்தில் உனக்கு ஒப்பவில்லை, இரண்டும் ஒரே இடமா என்று கேளுங்கள். கூட்டங்களில் ஒரு நூலைப் பேசும்போது, புகழ்பவரும் எதிர்ப்பவரும் தனித்தனியாக மேடையேறுவதற்குப் பதிலாக, ஒவ்வொருவரும் தம்மை வென்ற ஒரு பகுதியையும் தாம் நின்றுவிட்ட ஒரு பகுதியையும் சொல்லட்டும். சீவக சிந்தாமணியையும் மணிமேகலையையும் நல்ல உரைநடையில் இளைஞர் கையில் கொடுங்கள். அவர்கள் சமணராகவோ பௌத்தராகவோ ஆக வேண்டியதில்லை. விசயையோடு பறந்து, சீவகனின் துறவுக்கு முன் நின்று, தம் பதிலைத் தாமே தேடட்டும். சமயமும் அரசியலும் சாதியும் ஒவ்வொரு கதையிலும் முழு விசுவாசத்தையோ முழு வெறுப்பையோ கேட்கும் காலம் இது. அந்த இரண்டையும் தராமல், முழு மகிழ்ச்சியையும் நேர்மையான மறுப்பையும் ஒருங்கே தரக் கற்ற வாசகர்கள் தமிழில் முன்பு இருந்தார்கள். அவர்களைப் போன்றவர்களை மீண்டும் உருவாக்குவது நம்மால் ஆகும் வேலை. அதை நாம் செய்தே ஆக வேண்டும்.